'ஹை நூன்' பார்த்த பிறகு: ஊர்க்காரர் எல்லாரும் கோழைகள்தானா?

களுவாஞ்சிகுடி வாசிகசாலை (கேள்வி)

வணக்கம். வாசிகசாலையில மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம் பழைய படம் ஒண்டு போட்டு, முடிஞ்சதும் இருந்து கதைக்கிறது வழக்கம். வாறது ஓ.எல். எழுதினவங்களும் ஏ.எல். படிக்கிறவங்களும், ஒரு இருபது பேர் மட்டில். அடுத்தமுறைக்கு 'ஹை நூன்' (1952) எண்ட அமெரிக்கக் கௌபாய் படத்த எடுத்திருக்கிறம்.

படம் பார்க்காதவங்களுக்குக் கதைச் சுருக்கம்: ஹாட்லிவில் எண்ட சின்ன ஊரில வில் கேன் மார்ஷல், அதாவது ஊர்ப் பொலிஸ் அதிகாரி. கலியாணம் முடிச்சு, பதவிய விட்டுட்டு வெளிக்கிடுற நேரத்தில தந்தி வருது. அவன் முந்திப் பிடிச்சுக் குடுத்த பிராங்க் மில்லர் மன்னிப்பு வாங்கி, 12 மணி ரயிலில வாறான். ஸ்டேசனில அவன்ட ஆக்கள் மூண்டு பேர் காத்துக்கொண்டு நிக்கிறாங்க. கேன் வீடு வீடா உதவி கேட்டுப் போறான். கடைசியில தனியத்தான் தெருவுக்கு இறங்குறான்.

என்ர யோசனை என்னண்டா, படம் முடிஞ்ச உடனே "கேன் வீரன், மத்த எல்லாரும் கோழை" எண்டு அஞ்சு நிமிசத்தில கதை முடிஞ்சு போகும். அதுக்கு மேல எப்பிடிக் கொண்டு போறது? இடையில நிப்பாட்டி நிப்பாட்டிக் கதைக்கலாமா? எங்கட இலக்கியத்தில இருந்து எதச் சேர்க்கலாம்? விசயம் தெரிஞ்சவங்க விளக்கமாச் சொல்லுங்க.

---

பழம்படப் பெட்டி, மட்டக்களப்பு

தம்பி, அந்த ஒற்றை வரிய உடைக்கிற சாமான் படத்துக்குள்ளேயே கிடக்கு. கார்ல் ஃபோர்மன் எழுதின திரைக்கதையில கேனுக்கு "இல்ல" எண்டு சொல்லுற ஆள் நிறைய. ஆனா காரணம் ஆளுக்கு ஆள் வேற. அந்தக் காரணங்களப் பிரிச்சு எடுத்தாலே ஒரு மணித்தியாலம் கதைக்கலாம்.

முதல் போறவர் நீதவான் மெட்ரிக். மில்லருக்குத் தண்டனை குடுத்ததே அவர்தான், அதால உயிர்ப்பயம் அவருக்கும் உண்மையான பயம். சுவரில இருந்த கொடியையும் நீதித் தராசையும் கழட்டிப் பையில வைக்கிறார். பொய் ஒண்டும் சொல்லல்ல. "நானும் ஓடுறன், நீயும் ஓடு" எண்டதுதான் அவர் கதை. பயந்தவர், ஆனா பயத்த மறைக்காதவர்.

துணை மார்ஷல் ஹார்வி பெல்லுக்குப் பயம் முதல் காரணமில்ல. அடுத்த மார்ஷல் பதவிய எனக்கு வாங்கித் தா, நான் நிக்கிறன் எண்டு பேரம் பேசுறான். கிடைக்கல்ல, பட்டயத்தக் கழட்டி வச்சிட்டுப் போறான். பிறகு குதிரை லாயத்தில கேனப் பிடிச்சுக் குதிரையில ஏத்தி ஊர விட்டு அனுப்பப் பாக்கிறான், அது அடிபிடியில முடியுது. இந்த இடத்தில நல்லா நிண்டு கதைக்கோணும். அவனுக்கு ஏன் கேன் போறது இவ்வளவு முக்கியம்? கேன் ஊரில நிக்கிற ஒவ்வொரு நிமிசமும் ஹார்விட அளவு எல்லாருக்கும் தெரிஞ்சுகொண்டே இருக்கு. கோழைத்தனம் ஓடுறதோட மட்டும் நிக்காது, நிக்கிறவனையும் ஓட்டப் பாக்கும்.

சாம் ஃபுல்லர் அறைக்குள்ள ஒளிச்சுக்கொண்டு "வீட்டில இல்ல" எண்டு சொல்லச் சொல்லி மனிசிய வாசலுக்கு அனுப்புறார். வெக்கப்பட்டு நிக்கிறது அந்த மனிசி. புள்ளைகளிட்ட அந்தப் பெண்ணின்ர முகத்தப் பாக்கச் சொல்லுங்க, வசனத்த விட அது கூடச் சொல்லும்.

ஹெர்ப் பேக்கர்தான் எனக்கு முக்கியமான ஆள். தானா வந்து "நான் இருக்கிறன்" எண்டவர். பிறகு திரும்பி வந்து மத்தவங்க எங்கே எண்டு கேட்டா, ஒருத்தருமில்ல. மனிசி, புள்ளைகள் எண்டு பின்வாங்குறார். அரிஸ்டோட்டில் அறவியல் நூலின் மூன்றாம் பகுதியில இந்த ஆளத்தான் சொல்லுறார்: அவசரத் துணிச்சல்காரர் ஆபத்துக்கு முந்தி ஆவலா இருப்பார், ஆபத்து வந்த இடத்தில பின்வாங்குவார். தைரியசாலி முந்தி அமைதியா இருப்பார், வேலை நேரத்தில கூர்மையா இருப்பார். ஹெர்ப்பக் கெட்டவர் எண்டு சொல்லேலாது. பத்துப் பேரில ஒருத்தனா நிக்கத் தயாராத்தான் வந்தவர், ரெண்டு பேரில ஒருத்தனா நிக்க அவரால ஏலல்ல.

பழைய மார்ஷல் மார்ட்டின் ஹோவ் கோழையே இல்ல. மூட்டுவாதத்தில விரல் வீங்கின கை துவக்குப் பிடிக்காது. தான் வந்தா தன்னக் காப்பாத்துறதிலேயே கேன் செத்துப் போவான் எண்டு அவருக்குத் தெரியும். அது சரியான கணக்கு.

சாராயக்கடைக்காரரையும் இந்தப் பட்டியலில சேர்க்காதீங்க. மில்லர் இருந்த காலத்தில வியாபாரம் நல்லா ஓடினது எண்டு நினைக்கிற ஆக்கள் அவங்க. அவங்க மற்றப் பக்கத்து ஆக்கள், கோழைகள் எண்ட கேள்வியே அங்க இல்ல.

கடைசியா தேவாலயம். முதல் கேட்ட உடனே சிலர் எழும்புறாங்க. அப்ப ஒருத்தர் மறிக்கிறார், இது மில்லருக்கும் கேனுக்கும் இடையில உள்ள சொந்தப் பகை எண்டு. இன்னொருத்தர், வரி கட்டுறம், பொலிஸ் வேலை எங்கட வேலையில்ல எண்டுறார். ஒரு பெண் மட்டும் எழும்பி, இந்த ஊரில பட்டப்பகலில பெண்கள் தெருவால நடக்க ஏலாம இருந்தத மறந்திட்டீங்களா எண்டு கேக்கிறா. பிறகு மேயர் ஹென்டர்சன் எழும்பி கேனப் புகழ்ந்து தள்ளுறார். எல்லாரும் அவர் உதவிதான் கேக்கப் போறார் எண்டு இருக்க, வடக்கில உள்ள பணக்காரர் இந்த ஊரில முதல் போட யோசிக்கிறாங்க, தெருவில சூடுபட்டா அது கெட்டுப்போகும், நீ போறது நல்லம் எண்டு முடிக்கிறார். பேசினவங்களில "எனக்குப் பயமா இருக்கு" எண்டு சொன்ன ஆளத் தேடச் சொல்லுங்க.

இடையில நிப்பாட்டுறதப் பத்தி: தயவுசெய்து வேண்டாம். படம் 85 நிமிசம். கதை நேரமும் காலை பத்தரை தாண்டித் தொடங்கி நண்பகல் கழிஞ்ச உடனே முடியுது, ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்டு. சுவர் மணிக்கூடு திரும்பத் திரும்ப வாறது அதுக்காகத்தான். எல்மோ வில்லியம்சும் ஹாரி கெர்ஸ்டாட்டும் படத்தொகுப்புக்கு ஒஸ்கார் வாங்கினதும் அந்த இறுக்கத்துக்குத்தான். நிப்பாட்டினா கேனுக்கு ஓடுற நேரம் பாக்கிறவங்களுக்கு ஓடாது. முழுக்கப் போட்டு முடிச்சு, பிறகு ஹெர்ப் வாற ரெண்டு இடத்தையும் தேவாலயத்தையும் மட்டும் திருப்பிப் போடுங்க.

---

திருக்கோவில் ரீச்சர்

மேலே சொன்ன பிரிப்பு நல்லது. ஆனால் அதை நடத்துகிறவர் சொல்லக் கூடாது, பிள்ளைகளே கண்டெடுக்க வேண்டும். அதற்கு ஒரு நடைமுறை.

பாத்திரங்களின் பெயரைச் சிறு துண்டுகளில் எழுதி மடித்துப் போடுங்கள்: நீதவான், ஹார்வி, சாம், ஹெர்ப், மார்ட்டின், மேயர், கேனின் புது மனைவி ஏமி, ஊரில் கடை நடத்தும் ஹெலன். படம் முடிந்து தேநீர் குடித்ததும் ஆளுக்கொன்று எடுக்கட்டும். எடுத்தவர் மூன்று விடை எழுத வேண்டும். அவர் வாயால் சொன்ன காரணம் என்ன? கேனோடு போனால் எதை இழப்பார்? போகாவிட்டால் எதை இழப்பார்? பத்து நிமிடம் போதும். எழுதினவர் பெயர் போட வேண்டாம். பிறகு ஒரே பாத்திரம் கிடைத்தவர்கள் ஒன்றாக இருந்து விடைகளை ஒப்பிடட்டும், இருபது நிமிடம். அதன் பிறகே பொதுவில் பேசுவது. 3 மணிக்குப் படம் தொடங்கினால் ஐந்தரைக்குள் முடிந்துவிடும், பெண்பிள்ளைகள் இருட்ட முன் வீட்டுக்குப் போகலாம்.

பேச முன் எழுத வைப்பதற்குக் காரணம் உண்டு. 1950களில் சொலமன் ஆஷ் செய்த சோதனையில், கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற கோட்டின் நீளத்தைக்கூட, கூட்டம் பிழையாகச் சொன்னால் பலர் சேர்ந்து பிழையாகச் சொன்னார்கள். கூட்டத்துக்குள் ஒரே ஒருவர் சரியான விடை சொன்னால், அந்த ஒத்துப்போதல் ஏறத்தாழக் கால்வாசியாகக் குறைந்தது. வாசிகசாலைக் கூட்டத்திலும் முதலில் வாய் திறக்கிற கெட்டிக்காரப் பிள்ளை சொன்னதே எல்லாருடைய விடையும் ஆகிவிடும். பொதுவில் பேசும்போது வயதில் குறைந்தவரிடமிருந்து தொடங்குங்கள்.

இன்னொரு சோதனை தேவாலயக் காட்சியையும் விளக்கும். லாத்தனேயும் டார்லியும் 1968இல் வெளியிட்ட ஆய்வில், படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும் அறைக்குள் புகையை விட்டார்கள். தனியே இருந்தவர்களில் 75 வீதம் எழுந்து போய் அறிவித்தார்கள். கவனிக்காதது போல் இருக்கும்படி சொல்லிவைக்கப்பட்ட இருவரோடு இருந்தவர்களில் 10 வீதம் மட்டுமே அறிவித்தார்கள். ஆள் கூடக் கூடப் பொறுப்பு பங்குபோய் மெலிகிறது. இனிக் கேன் உதவி கேட்ட விதத்தைப் பாருங்கள். ஹெர்ப் தானாக வந்தபோது அவரை நிறுத்திவைத்துவிட்டுத் தனியே தேவாலயம் போகிறார். கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகக் கேட்கிறார். ஹெர்ப்பைப் பக்கத்தில் நிறுத்தி, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, "நீ இந்த மூலையில் நில்" என்று வேலையும் பிரித்துக் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? துணிவைக் கேட்டு வாங்குவதற்கும் முறை இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் இந்த இடத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

மார்ட்டின் ஹோவுக்குக் குறள் 428 போதும்:

அஞ்சுவது அஞ்சாமை பேதைமை அஞ்சுவது
அஞ்சல் அறிவார் தொழில்.

அதற்கு எதிர்ப்பக்கம் வைக்க, அவையஞ்சாமை அதிகாரத்தின் கடைசிக் குறள் 730. சபைக்குப் பயந்து, கற்றதைச் சொல்லமுடியாதவர் உயிரோடு இருந்தும் இல்லாதவருக்கு ஒப்பு என்கிறது. தேவாலயத்தில் முதலில் எழுந்து பிறகு உட்கார்ந்தவர்களுக்குச் சரியாகப் பொருந்தும்.

ஒன்று மிக முக்கியம். "நீ அங்கே இருந்திருந்தால் போயிருப்பாயா?" என்று எந்தப் பிள்ளையிடமும் கேட்க வேண்டாம். எங்கள் பகுதியில் வீட்டுக்கு வீடு யுத்தகாலக் கதை இருக்கிறது. இரவில் கதவு தட்டப்பட்டபோது மூச்சுக் காட்டாமல் இருந்ததால் பிள்ளைகளை உயிரோடு வளர்த்தெடுத்த தாய் தகப்பன் இருக்கிறார்கள். அவர்களைக் கோழை என்று ஒரு பதினாறு வயதுப் பிள்ளை சபையில் சொல்ல நேர்ந்தால், அது அந்தப் பிள்ளைக்கும் நல்லதல்ல, வீட்டுக்கும் நல்லதல்ல. யாராவது தானாகச் சொன்னால் கேளுங்கள், தோண்டாதீர்கள். உள்ளூர் ஆட்களின் பெயர் சொல்லி ஒப்பிட்டால் உடனே பேச்சைப் படத்துக்குத் திருப்புங்கள்.

---

சாய்ந்தமருது வாசகன்

ரீச்சர் சொன்ன கடைசி விசயத்தோட முழுக்க ஒத்துப்போறன். ஆனா ஒரு பக்கம் விடுபட்டிருக்கு. கேன் செஞ்சது சரியா எண்டதையும் கேள்வியாக்கோணும். புதுசாக் கலியாணம் முடிச்ச மனிசி, அடுத்த நாள் வேற மார்ஷல் வாறான், பதவியும் இல்ல. திரும்பி வந்தது கடமைக்கா, "நான் ஓடினதே இல்ல" எண்ட வீம்புக்கா?

இந்தக் கேள்விக்குப் படமாவே பதில் சொன்னவர் ஹவார்ட் ஹோக்ஸ். 'ரியோ பிராவோ' (1959), ஜோன் வெய்ன் நடிச்சது, 141 நிமிசம். வேலை தெரிஞ்ச ஷெரிஃப் ஊராரிட்டப் போய் உதவி கேட்டுத் திரியமாட்டான் எண்டது அவர் கட்சி. அந்தப் படத்தில ஷெரிஃப் பொதுமக்கள வேண்டாம் எண்டு சொல்லுறான். கூட நிக்கிறது ஒரு குடிகாரன், ஒரு நொண்டிக் கிழவன், ஒரு இளம் பொடியன். இப்ப 'ஹை நூனத்' திருப்பிப் பாருங்க. அங்கயும் ஒற்றைக்கண் குடிகாரன் ஜிம்மி தானா வாறான், 14 வயசுப் பொடியன் 16 எண்டு பொய் சொல்லிக்கொண்டு வாறான், கை முடியாத கிழவனும் இருக்கார். கேன் குடிகாரனுக்குக் குடிக்கக் காசு குடுத்து அனுப்புறான், பொடியன வீட்டுக்கு விரட்டுறான். அவன் கேட்ட ஆக்கள் வரல்ல, வந்த ஆக்கள அவன் எடுக்கல்ல. அது பொறுப்பா, பிழையா? ரெண்டு பக்கமும் பிரிஞ்சு வாதாட நல்ல இடம்.

படத்துக்கு வெளியில நடந்ததையும் பத்து நிமிசம் சொல்லுங்க. படம் எடுத்துக்கொண்டிருந்த 1951இல ஃபோர்மன கம்யூனிஸ்டுகள விசாரிச்ச அமெரிக்கக் காங்கிரஸ் குழு கூப்பிட்டது. முந்திக் கம்யூனிஸ்ட் கட்சியில இருந்தவர். கூட இருந்தவங்கட பேரச் சொல்லச் சொல்லிக் கேட்டாங்க, மறுத்தார். கூட்டாளி ஸ்ரான்லி கிரேமர் கம்பனிய விட்டு அவர விலக்கினார், அவர் இங்கிலாந்துக்குப் போனார். கேனா நடிச்ச கேரி கூப்பர் அரசியலில நேர் எதிர்ப்பக்கம், 1947இல அந்தக் குழுவுக்குச் சாதகமாச் சாட்சி சொன்னவர். அப்பிடிப்பட்டவர் ஃபோர்மனுக்காக நிண்டார். எங்கட நாட்டோட ஒரு தொடுப்பும் இருக்கு: கித்துல்கலையில எடுத்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்' (1957) திரைக்கதைய எழுதினது ஃபோர்மனும் மைக்கல் வில்சனும். ரெண்டு பேரும் ஹொலிவூட் வேலை குடுக்காத கறுப்புப் பட்டியலில இருந்ததால பேர் போடல்ல, ஒஸ்கார் மூலக்கதைக்காரர் பியர் பூலுக்குப் போனது. ரெண்டு பேருக்கும் உரிய ஒஸ்கார் 1984இல, ரெண்டு பேரும் மௌத்தான பிறகுதான் வந்தது.

ஜோன் வெய்னுக்கு 'ஹை நூன்' அமெரிக்காவுக்கு விரோதமான படம். போலந்தில 1989 ஜூன் 4 தேர்தலுக்கு சொலிடாரிட்டி தொழிற்சங்க இயக்கம் ஒட்டின சுவரொட்டியில இதே கூப்பர், துவக்குக்குப் பதிலாக் கையில வாக்குச்சீட்டோட.

---

பழம்படப் பெட்டி, மட்டக்களப்பு

காக்கா, 'ரியோ பிராவோ' ஒப்பீடு அருமை. வீம்பு எண்டதுக்கு மட்டும் ஒரு மறுப்பு. கேன் தன்ர வாயாலயே காரணம் சொல்லுறான்: நாலு பேர் துரத்தி வருவாங்க, வெட்டவெளியில ரெண்டு பேரும் தனிய அகப்படுவம். ஊருக்குள்ள நிக்கிறது அவனுக்குப் பாதுகாப்பான கணக்கும்தான். அந்தக் கணக்கில ஊர்க்காரரும் கூட நிப்பாங்க எண்டு சேர்த்துக் கூட்டினான், அதுதான் பிழைச்சுப் போனது.

---

களுவாஞ்சிகுடி வாசிகசாலை

எல்லாருக்கும் நன்றி. ரீச்சர், துண்டு எழுதுற முறையை அப்பிடியே எடுக்கிறம். ஏமிட பேரையும் ஹெலன்ட பேரையும் அதில போட்டீங்க, ஆனா அவங்களப் பத்தி ஒருத்தரும் விரிவாச் சொல்லல்லையே? வாறவங்களில பாதிப்பேர் பெண்பிள்ளைகள்.

---

தம்பிலுவில், வழக்குரை வாசிப்பவர்

ஏமியின் மறுப்புத்தான் படத்திலேயே கொள்கையால் வந்த மறுப்பு. தகப்பனும் சகோதரனும் சுடுபட்டுச் செத்த பிறகு, கொலை எந்தப் பக்கமும் வேண்டாம் என்று குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவுக்கு வந்தவள். புருசனை விட்டு 12 மணி ரயிலில் போகிறேன் என்று சொல்ல அவளுக்கும் துணிவு வேண்டும். முதல் வெடிச் சத்தம் கேட்டதும் ரயிலால் இறங்கி ஓடுகிறாள், ஜன்னலுக்குள் நின்று மில்லரின் ஆள் பியர்ஸைப் பின்னால் சுடுகிறாள். அது கொள்கை முறிந்ததா, அதைவிடப் பெரிய ஒன்றுக்காகக் கொடுத்த விலையா என்பதைப் படம் சொல்லாமல் விடுகிறது. ஹெலன் ராமிரெஸ் போவதைக் கோழைத்தனம் என்று எழுதினால் திருத்துங்கள். மெக்சிக்கப் பெண், தன் உழைப்பில் கடை நடத்தியவள், ஊர் அவளை ஒருநாளும் தன்னுடையவளாக எண்ணவில்லை. ஊருக்காக நிற்கும் கடன் அவளுக்கு இல்லை.

எங்கள் பக்கம் சேர்க்க வேண்டியது கண்ணகிதான். வைகாசி அம்மன் சடங்கில் கண்ணகி வழக்குரை கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அறிமுகமே தேவையில்லை. சிலப்பதிகாரத்தில் ஊர்சூழ்வரி என்ற பகுதியை எடுங்கள். ஒற்றைச் சிலம்போடு மதுரைத் தெருவில் நின்று கேட்கிறாள்: "சான்றோரும் உண்டுகொல் சான்றோரும் உண்டுகொல்". மதுரையார் இரங்குகிறார்கள், "வளையாத செங்கோல் வளைந்தது இதுஎன்கொல்" என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். அரண்மனை வாயிலுக்குக் கூடப்போனவர் எவரும் இல்லை. தேவாலயக் காட்சியைத் திருப்பிப் போட்டவுடன் இந்த வரிகளை வாசித்தால், பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லத் தேவை வராது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடம் நான்கு என்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. மதுரையாருக்கு நான்காவது. சாமுக்கும் ஹெர்ப்புக்கும் மூன்றாவது. மேயர் ஹென்டர்சனின் பேச்சோ வரப்போகும் முதலீட்டைப் பற்றியது. அதை அச்சம் என்று எழுதுவதா, ஆசை என்று எழுதுவதா என்று கேளுங்கள்.

இன்னொன்று. மதுரையை எரிக்கச் சொல்லும்போதும் கண்ணகி ஆள் பிரிக்கிறாள். பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி என்று இவர்களை விட்டுத் "தீத்திறத்தார் பக்கமே சேர்க" என்கிறாள். கேன் பட்டயத்தைப் புழுதியில் போட்டுவிட்டு ஒரு சொல்லும் சொல்லாமல் வண்டி ஏறுகிறான், வண்டியைக் கொண்டுவந்து கொடுத்த அந்தப் பொடியனும் அதே கூட்டத்துக்குள்தான் நிற்கிறான். யார் பிரித்தது சரி என்று பெண்பிள்ளைகளையே முதலில் பேச விடுங்கள்.

---

பழம்படப் பெட்டி, மட்டக்களப்பு

அம்மன் கதையச் சேர்த்தது மிகப் பொருத்தம். நான் படம் காட்டுற வேலையப் பத்தி மட்டும் சொல்லி முடிக்கிறன்.

படம் பழைய அளவு, அகலம் உயரத்தின் 1.37 மடங்கு. புறொஜெக்டர் தானா 16:9க்கு இழுத்து விட்டா முகம் எல்லாம் தட்டையாப் போகும், பாக்க வேண்டியதே முகங்கள்தான். மெனுவில 4:3 எண்டு மாத்துங்க, ரெண்டு பக்கமும் கறுப்பா விடுபட்டாப் பரவாயில்ல. ஒளிப்பதிவாளர் ஃபிளாய்ட் குரொஸ்பி வானத்த வெள்ளையா, வெறிச்செண்டு வேணுமெண்டேதான் பிடிச்சிருக்கார். கொன்ட்ராஸ்டக் கூட்டி அத அழகாக்க வேண்டாம். பின்னேர வெயில் ஜன்னலால விழுந்தா கறுப்பு வெள்ளைப் படத்தில ஒண்டும் தெரியாது, மேற்குப் பக்க ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டோணும். சத்தத்த வசனத்துக்கு அளந்து வைக்காம ரயில் விசில் வாற இடத்துக்கு அளந்து வையுங்க, இல்லாட்டி அந்த இடத்தில ஸ்பீக்கர் கிழியும்.

ஆங்கிலம் விளங்காத புள்ளைகளுக்காக நீதவான் பேசுறது, மேயர் பேசுறது, மார்ட்டின் பேசுறது மூண்டையும் தமிழில ஒரு தாளில அடிச்சு, படம் தொடங்க முந்திக் குடுங்க. மத்ததெல்லாம் பாத்தாலே விளங்கும்.

அடுத்த மாதத்துக்கு 'ரியோ பிராவோ' நீளம் கூட, கதைக்க நேரம் வராது. '3:10 டு யூமா' (1957) 92 நிமிசம். வரட்சியில மாடு சாகுற நேரம், 200 டொலருக்காகக் கொள்ளைக்காரன ரயிலுக்குக் கொண்டுபோக ஒத்துக்கொள்ளுற விவசாயியின் கதை. தொடக்கத்தில கொள்ளை நடக்க, மகன்மார் பாத்திருக்க, சும்மா நிண்டவன். கடைசியில காசு தாறன், விட்டிட்டுப் போ எண்டு சொன்ன பிறகும் போகாதவன். வயல், மாடு, தண்ணி எண்டு கதைக்க எங்கட புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கத் தேவையில்ல. அதுக்கும் பிறகு 'த ஒக்ஸ்-போ இன்சிடென்ட்' (1943), 75 நிமிசம், கும்பல் சேர்ந்து மூண்டு பேரத் தூக்கில போடுறது. வேண்டாம் எண்டு ஏழு பேர் மட்டும் தள்ளி நிக்கிறாங்க. அதப் போடுறதுக்கு முந்தி ரீச்சரிட்ட ஒருக்காக் கேளுங்க, சின்னப் புள்ளைகள் இருந்தா வேண்டாம்.